ஒரே வரியில் இரண்டு பேர்

சிப்பாய் தெருக்கோடியில் தலை காட்டினாலே நான் மைக்கூட்டை மூடிவிடுவேன். மேசைமேல் கிடக்கும் தாள்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்து, எங்கேயோ அவசரமாகப் புறப்படுகிறவன்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வேன். ஒரு நாளும் பலித்ததில்லை. அவர் நேராக வந்து, பெட்டிசம் என்கிற மனு எழுத வருகிறவர்களுக்காக நான் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து, "எங்கயும் போகலதானே தம்பி? என்னப் பாத்துட்டுதானே எந்திரிச்சீங்க?" என்பார். உண்மை அதுதான். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இவர் சொன்னால் பற்றிக்கொண்டு வரும்.

கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்கு வெளியே, வாகை மர நிழலில் என் மேசை. கோப்பிப் பயிர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிகள் ஓயாமல் போய்வந்து தெருவெல்லாம் சாணியும் சேறுமாகக் கிடக்கும். கலஹா, மடுல்கெல்ல என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். கங்காணி அடித்தான், வேலையை விட்டுப் போகத் துரை துண்டுச் சீட்டு கொடுக்கவில்லை, பெண்டாட்டியை இன்னொருவன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஆயிரம் முறைப்பாடுகள். அவர்கள் அழுதுகொண்டே கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், நான் இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதுவேன், கச்சேரிக்காரர்கள் அதில் பாதியைக் கழித்துக்கொண்டு படிப்பார்கள். எல்லோருக்கும் பழகிப்போன ஏற்பாடு. யாருக்கும் அதில் மனக்குறை இருந்ததில்லை.

சிப்பாய்க்கு இருந்தது. அடுத்தவருக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கூட அவரால் சும்மா இருக்க முடியாது. ஒரு முறை தோட்டத்துப் பெண் ஒருத்தி, கணக்குப்பிள்ளை உதைத்ததில் தன் புருஷன் எழுந்திருக்கவே முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்று சொல்ல, நான் உருக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். சிப்பாய் முக்காலியிலிருந்தபடியே, "அந்தா வாறது யாரும்மா?" என்றார். புருஷன்காரன் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே வந்துகொண்டிருந்தான். அந்தப் பெண் என்னை முறைத்தாள். நான் சிப்பாயை முறைத்தேன். சிப்பாய்க்கு யார் மேலும் கோபமில்லை. ஒரு தப்பு சரியாகிவிட்டது, அவ்வளவுதான் அவருக்கு.

ஆள் நெட்டை. பட்டாளத்தைக் கலைத்த பிறகும் முதுகு கலையவில்லை. பச்சைச் சட்டையின் பித்தான்களைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்குவார். அந்தச் சட்டையையும் அந்த நடையையும் பார்த்துத்தான் கோப்பிக் கிட்டங்கி ஒன்றில் அவருக்குக் காவல் வேலை கொடுத்தார்கள். சொகுசான வேலை. ஒரு நாள் இரவு கிட்டங்கிக்குள் இறங்கிய திருடன் பிடிபட்டான். மறுநாள் காலை, கொட்டை பொறுக்கும் பெண்கள் எல்லோரையும் நிற்க வைத்து, அவர்கள் முன்னால் கிட்டங்கித் துரை சிப்பாயைப் புகழ்ந்தார். இவர் விறைப்பாக நின்று சலாம் போட்டுவிட்டு, "நான் தூங்கிட்டேங்க. நாய்தான் புடிச்சுச்சு" என்றார். துரை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். இவர் விடவில்லை. "நாய் கொலைச்சதும் எனக்குக் கேக்கல. கூட்டுற பொம்பள வந்துதான் எழுப்புனா" என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றோடு வேலை போனது. நாய்க்கு மட்டும் சோறு தொடர்ந்தது என்று அவர் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அந்த அம்மாளும் அதே கிட்டங்கியில்தான் கொட்டை பொறுக்கினாள். காலை முதல் அந்திவரை குனிந்து உட்கார்ந்து, நல்ல கொட்டையிலிருந்து கறுத்ததையும் உடைந்ததையும் பிரிக்க வேண்டும். கண் மங்கத் தொடங்கியிருந்தது. கறுப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்று அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். கிட்டங்கியில் தெரிந்துவிட்டால் அவள் வேலையும் போய்விடும். அதனால் பக்கத்தில் உட்காருகிறவளிடம் சிரித்துப் பேசி, தன் குவியலையும் ஒரு கண் பார்க்கச் சொல்லிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இது சிப்பாய்க்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பெரிய பாடு. தெரிந்தால் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஒரு சாவு வீட்டில் அவர் செய்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். பக்கத்துக் கட்டுக்கலையில் ஒரு அரிசி முதலாளி செத்துப்போனார். கைப்பிடி அரிசியை யாருக்கும் சும்மா கொடுத்தறியாத மனிதர். பெண்கள் தலைவிரித்து, அள்ளிக் கொடுத்த கை எங்கே, வாரிக் கொடுத்த மகராசன் எங்கே என்று ஒப்பாரி வைத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சிப்பாய், "யாருக்குக் குடுத்தாரு?" என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒப்பாரி நின்றுபோனது. மகன்காரன் அடிக்க வந்துவிட்டான். அவரை நான்தான் வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"செத்தவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னா உங்களுக்கு என்னங்க நட்டம்?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

"நல்ல வார்த்தை இருக்கட்டும் தம்பி. செய்யாதத செஞ்சதாச் சொன்னா, அது வேற ஆளப் பத்தின பேச்சுல்ல? இவரப் பத்தி யாரு அழுவுறது?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பட்டாளப் பதிவில் ஒரு தப்பு விழுந்திருந்தது. வேறு யாருக்காவது விழுந்திருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான்.

விஷயம் இதுதான். பட்டாளத்தைக் கலைத்தபோது, முழுக் காலம் வேலை பார்த்தவர்களுக்குச் சாகும்வரை பென்ஷன், காலம் குறைந்தவர்களுக்குக் கையில் கொஞ்சம் கொடுத்து வழியனுப்பு என்று உத்தரவு வந்தது. பதிவேட்டில் சிப்பாயின் வரியைப் பார்த்தால் முழுக் காலம் இருந்தது. பென்ஷன் உண்டு. ஆனால் அந்த வரியில் இருந்த பெயர் அவருடையது அல்ல. அவருக்கு முன்னால் சில வருஷங்கள் பட்டாளத்தில் இருந்த இன்னொரு தமிழ்ச் சிப்பாயின் பெயர். அந்த வரி சொன்னது இவ்வளவுதான்: இன்ன ஆள் சேர்ந்தான், இத்தனை காலம் இருந்தான், இந்தியக் கரையிலிருந்து புது ஆட்களைக் கூட்டிவரும் வழியில் ஓடிப்போனான், அவில்தார் பிடித்துக் கொண்டுவந்தார், அதன்பின் கடைசிவரை ஒழுங்காக இருந்தான்.

ஓடிப்போனதுவரை அந்த ஆள். பிடித்துக் கொண்டுவந்ததிலிருந்து நம் சிப்பாய். ஒரே வரியில் இரண்டு பேர்.

முதல் பென்ஷன் நாளில் பென்ஷன் கொடுக்கிற கந்தோர் விறாந்தையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் இவரைத் தள்ளிவிட்டார்கள். இவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, "அது நான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பெருவிரல் ரேகை வைக்காமல் திரும்பி வந்துவிட்டார். வந்தது நேராக என் முக்காலிக்கு. அந்த வரியை நடுவில் வெட்டி இரண்டாக்கித் தரச் சொல்லிப் பெட்டிசம் எழுத வேண்டுமாம். முதல் பாதி அந்த ஆளுக்கு, இரண்டாம் பாதி தனக்கு, தன் பெயரில்.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். "வெட்டினா உங்க பாதி பத்தாதே ஐயா. பென்ஷன் போயிருமே."

"போவும்."

"போவும்னா? அப்புறம் சாப்பாட்டுக்கு?"

"அது வேற கேள்வி தம்பி. நீங்க இத எழுதுங்க."

கொடுக்க மாட்டேன் என்கிற கந்தோரோடு மல்லுக்கட்டித்தான் எனக்குப் பழக்கம். கொடுக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்கிற கந்தோரோடு, வேண்டாம், கொடுக்காதே என்று சண்டை போடச் சொன்ன ஒரே மனிதர் இவர்தான். எழுதினேன். பதிவைப் பரிசீலித்தோம், சரியாகவே இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில். ஒவ்வொரு பென்ஷன் நாளிலும் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள், இவர் போய் நின்று அது நான் இல்லை என்பார், திரும்பி வருவார். சேவகன்கூட அலுத்துப்போய், "வந்துட்டீங்களா? இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க" என்று வழிவிடத் தொடங்கினான்.

அவர் பெண்டாட்டி ஒரு நாள் கிட்டங்கியிலிருந்து நேராக, முந்தானையில் கோப்பித் தூசியோடு என் மேசைக்கு வந்தாள். சிப்பாயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

"தம்பி, அந்த மனுசன் பேருல குடுத்தா அந்த அரிசி வேகாதா?"

"வேகும்மா."

"அத இவருகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அத வுட்டுட்டு எம் மூஞ்சியில இருக்க கரியத் தொடைக்கச் சொல்றாரு. எனக்குக் கண்ணு போவுது தம்பி. போன கெழம எம் பங்குல கறுத்த கொட்டையா இருக்குன்னு கத்துனாங்க. இன்னும் எத்தன நாளைக்கு?"

சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாள் மறைத்ததை ஆத்திரத்தில் அவளே கொட்டிவிட்டாள். சிப்பாய் தலையை நிமிர்த்தினார். துரையிடம் போய்ச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் போகவில்லை. "ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதிக்கொண்டிருந்த தாளைக் கசக்கி எறிந்தேன். "ஓடினவன்னு இருக்கிறது உங்களுக்குக் கேவலமா இருக்கு. அதுதானே? அந்தக் கேவலத்துக்காகக் கட்டினவள குருடாக்கப் பாக்குறீங்க" என்றேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் தான் கண்டிக்கு வந்த வழியைப் பற்றிச் சொன்னார். அதுவரை தன்னைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர், அன்றைக்குக் கேட்காமலே சொன்னார்.

கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டிக்கு நடந்து வரும் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோப்பித் தோட்டத்துக்கு வந்த சனமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. வழியில் வாந்திபேதி கண்டால் அவ்வளவுதான். செத்தவர்களைப் பற்றிக் கங்காணிமார் தோட்டம் வந்து சேர்ந்ததும் ஒரே சொல்தான் சொல்வார்கள்: ஓடிட்டான். செத்தான் என்றால் ஏன் மடத்தில் சேர்க்கவில்லை, ஏன் தூக்கி வரவில்லை என்று தோட்டத்துரை கேட்பார், ஊரில் தாய் தகப்பன் கேட்பார்கள். ஓடிவிட்டான் என்றால் குற்றம் ஓடினவனோடு போய்விடும். இந்தப் பழக்கம் ஊரறிந்தது. மலைநாட்டில் ஓடினவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் பாதிப் பேர் எங்கேயும் ஓடவில்லை, அந்தப் பாதையோரம்தான் கிடக்கிறார்கள்.

நம் சிப்பாயைக் கரையிலிருந்து கூட்டிவந்த அவில்தார், பட்டாளத்தில் சேரும் முன் தோட்டத்துக் கங்காணியாக இருந்தவர். அவரோடு துணைக்கு வந்தவர்தான் அந்த மற்றச் சிப்பாய். காட்டு நடுவில் அவருக்கு வாந்திபேதி கண்டது. அவில்தார் ஒரு குளத்தங்கரையில் அவரைக் கிடத்திவிட்டு, அவர் தோளில் கிடந்த துவக்கையும் உடுப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டு மற்ற ஆட்களை நடக்கச் சொன்னார். புது ஆளாக வந்த நம்மவர் மட்டும் நின்றுவிட்டார்.

"எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி கேட்டாரு தம்பி. குடுக்காம எப்படி நடக்குறது?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உசிரு போறதுக்கு மின்னாடி அவரு சொன்னது ஒண்ணுதான். 'அவன் போயி நான் ஓடிட்டேன்னு சொல்லுவான்டா. அவன் வழக்கம் எனக்குத் தெரியும். நீ இல்லைன்னு சொல்லு.' நான் சொல்றேன்னு சொன்னேன். கையாலயும் கம்பாலயும் குழி தோண்டிப் பொதச்சிட்டு, ஓட்டமா ஓடிப் போயி கூட்டத்தோட சேந்துக்கிட்டேன்."

அதற்குள் அவில்தார் தம்புள்ளையிலிருந்து தபால்காரனிடம், ஒருவன் ஓடிவிட்டான் என்று கண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பழக்க தோஷம். மாத்தளை வந்த பிறகுதான் புத்தி வந்தது. ஓடின கூலியை யாரும் தேட மாட்டார்கள். ஓடின சிப்பாயைத் தேடி ஆள் அனுப்புவார்கள், வழியெல்லாம் விசாரிப்பார்கள், கைவிட்டு வந்தது தெரிந்துபோகும். அதனால் ஓடினவன் பிடிபட்டான் என்றாக்கிவிட்டார். செத்தவருடைய உடுப்பு பொருந்தியது இந்த நெட்டை மனிதருக்குத்தான். உடுப்போடு பெயரையும் இவருக்கே மாட்டிவிட்டார். புது ஆட்களில் ஒருவர் குறைந்ததைப் பற்றிக் கேட்க ஆளில்லை. அவர்கள் பெயர் இன்னும் எந்த ஏட்டிலும் ஏறியிருக்கவில்லை. துரைமாருக்கு நம் முகமெல்லாம் ஒன்று. தெரிந்த சிப்பாய்கள் அவில்தாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் நாள் வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது இவர், "அவரு செத்துட்டாருங்க, ஓடல" என்று தமிழில் சொன்னாராம். துரைக்குப் புரியவில்லை. அவில்தாருக்குப் புரிந்தது. அன்று மாலை லாயத்துக்குப் பின்னால் வைத்து வாங்கிய அடியில் ஒரு வாரம் குப்புறத்தான் படுத்தாராம். அதற்குப் பிறகு பட்டாளம் கலையும்வரை ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பெயருக்கு ஆஜர் சொன்னார். தினமும் விடிந்ததும் ஒரு பொய்யைச் சொல்லித்தான் மற்ற வேலை. அந்த வாய்தான் மிச்ச நேரத்தில் ஊரில் இருக்கிற தப்பையெல்லாம் திருத்திக்கொண்டு திரிந்தது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர எரிச்சல் குறையவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் முதல் பெட்டிசத்திலேயே எழுதியிருப்பேனே!

அந்தக் கதை முழுவதையும் வைத்து, முதல் பாதியில் ஓடினார் என்பதை அடித்துச் செத்தார் என்று எழுதச் சொல்லி நான் எழுதிய பெட்டிசம்தான் வேலை செய்தது. பட்டாளக் கணக்குகளை முடித்துக்கொண்டு கப்பலேறக் காத்திருந்த ஒரு துரை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நரைத்த மீசை, நிதானமான ஆள். பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். சிப்பாய் நின்றார். துரையின் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன். அவர் பெண்டாட்டி படிக்குக் கீழே, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

துரை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டார். நான் உன்னை நம்புகிறேன் என்றார். பிறகு, செத்தவரைப் புதைத்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை. அவில்தார் இருக்கிறாரா? செத்துப்போனார். அந்த வழியில் கூட வந்தவர்கள்? அவர்கள் பார்க்கவில்லை, முன்னால் நடந்துவிட்டார்கள். துரை பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே சிப்பாயிடம் சொன்னேன்.

"நீங்க கேட்டபடியே வரிய வெட்டித் தாறாராம். உங்க பாதி உங்க சொந்தப் பேருல இருக்கும். ஓடினவன்ங்கிற சொல்லு உங்களுக்கு இருக்காது. பென்ஷன் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஆனா சாட்சியில்லாம, அவரு செத்தாருன்னு எழுத முடியாதாம்."

"அப்ப அவருக்கு என்ன எழுதுவாங்க?"

நான் கேட்டேன். துரை பதிவேட்டில் விரலை வைத்துக் காட்டினார். "ஓடிப்போனான்னு இருக்குல்ல, அதோட நின்னுருமாம்."

"திரும்பி வந்தது?"

"அது நீங்கதானே? உங்க பாதியோட வந்துரும்."

சிப்பாய் பதிவேட்டைப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் துரை விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் கால் கடுத்தது.

"வெட்ட வேணாம்னு சொல்லுங்க தம்பி."

"என்னது?"

"வெட்டுனா அவரு ஓடுனவரு. வெட்டாட்டி, ஓடுனாரு, திரும்பி வந்தாரு, கடைசி மட்டும் ஒழுங்கா இருந்தாரு. அப்படியே இருக்கட்டும்."

எத்தனை பெட்டிசம், எத்தனை நடை, எத்தனை ஏச்சு! துரை எதிரில் இருக்கிறார் என்பதையும் மறந்து, "அது பொய்யில்லையா ஐயா?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் யார் யாரைப் பார்த்து இதைக் கேட்கிறோம் என்று எனக்கே உறைத்தது.

"பொய்தான்" என்றார்.

பெருவிரலை மையில் தோய்த்து, அந்தப் பெயருக்கு நேராக அழுத்தினார். அதுவரை தேங்கிக் கிடந்த பென்ஷன் முழுவதையும் துணியில் முடிந்து கொடுத்தார்கள். அதை அப்படியே படிக்குக் கீழே நின்றவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இந்தக் கைநாட்ட முதல் மாசமே வச்சிருந்தா நான் இம்புட்டுச் சீரழிஞ்சிருப்பேனா?" என்று கண்டி வாவிக்கரை முழுவதும் கேட்கும்படி ஏசினாள்.

"மொத மாசம் வச்சிருந்தா சோத்துக்கு வச்சதா இருக்கும் புள்ள" என்றார் அவர்.

இந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. சோறு அதே சோறுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாள் கிட்டங்கிக்குப் போகவில்லை, வீட்டில் இருந்தாள். அவர் ஊரைத் திருத்துவதையும் விடவில்லை. என் முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணீரைச் சரிபார்ப்பதையும் விடவில்லை. பென்ஷன் நாளில் மட்டும் கூப்பிட்ட பெயருக்கு எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார். அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டார்.

கோப்பி இலையில் மஞ்சள் தூள் படர்ந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போன காலத்தில் அவர் இறந்தார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அடக்கம் முடிந்த மறுநாள் அந்த அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பென்ஷன்காரர் செத்தால் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் தாளை எடுத்தேன். இன்ன பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிவந்த இன்னார், காய்ச்சலால் இறந்துவிட்டார் என்று எழுதினேன். பதிவேட்டில் இருக்கிற பெயரைத்தான் எழுத முடியும். அதை எழுதினேன்.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேம்மா."

"யாரு பேருக்கு?"

சொன்னேன். அவள் முக்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தக் குளத்தங்கரை மனுசன் செத்துட்டாருன்னு கடைசியில எழுதியாச்சு" என்றாள். "நல்லது. அதுக்குத்தானே இவரு கெடந்து அடிச்சுக்கிட்டாரு."

நான் தாளின் மேல் மணலைத் தூவி மையை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"எம் புருசன் செத்தத எங்க தம்பி எழுதுவீங்க?"

அவர் இந்தத் தீவுக்கு வந்ததாகவே எங்கும் ஓர் எழுத்து இல்லை. அதை அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்?